சவர்க்காரத்துக்கு மசியாத செம்மண்

மாரி மழை ஓய்ந்து மைதானம் காயத் தொடங்கியதும் வன்னிப் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கான பயிற்சி சூடு பிடித்துவிடும். மன்னார் – பூநகரி ஏ-32 வீதியை அண்டிய ஜெயபுரம், முழங்காவில் பக்கங்களில் அந்த நாட்களில் ஒரு வீட்டுக் கொடியைப் பார்த்தாலே பிள்ளை என்ன விளையாடுகிறது என்று சொல்லிவிடலாம். இடுப்புப் பக்கம் நீளமாகச் சிவப்பு இழுபட்டிருந்தால் உதைபந்தாட்டம். இரண்டு முழங்காலிலும் வட்டமாக அப்பியிருந்தால் கபடி. நீளம் பாய்கிற பிள்ளையின் உடுப்பில் அடையாளமே இராது. குழிக்குள் கிடப்பது மணல், உதறினால் கொட்டிவிடும்.

பிறகு வீட்டில் நடப்பதும் தெரிந்த கதைதான். ஒரே வாளி, ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரே சவர்க்காரம். முழங்கை உரசி வந்த இரத்தம் போய்விடுகிறது. புல்லின் பச்சை பாதி போகிறது. செம்மண் அசைவதாக இல்லை. வேர்வை மணமோ போனது போலப் போக்குக் காட்டிவிட்டு, அடுத்த நாள் மைதானத்தை ஒரு சுற்று ஓடியதும் திரும்பி வந்துவிடுகிறது. அடுத்த வீட்டு அக்கா தேசிக்காய் போடச் சொல்லுவார். பெரியம்மா அப்பச்சோடா என்பார். யாரோ ஒருவர் கைபேசியில் பார்த்துவிட்டு இரண்டையும் கலந்து போடச் சொல்லுவார். ஒரே சவர்க்காரம் ஏன் ஒன்றை எடுத்து மற்றதை விட்டுவிடுகிறது?

இரத்தக் கறை பெரும்பாலும் புரதம். செம்மண் ஒரு கனிமம். புல்லின் பச்சை, எண்ணெயில் கரைகிற ஒரு சாயம். வேர்வை மணத்துக்குப் பின்னால் இருப்பது எண்ணெயும் நுண்ணுயிரும். இவை துணியைப் பிடித்துக்கொள்ளும் விதம் ஒவ்வொன்றுக்கும் வேறு. ஆகவே ஒன்றைக் கழற்றும் மருந்து இன்னொன்றை இறுக்கியும் விடலாம். வாளிக்குள் எதைப் போடுவது என்று கேட்பதற்கு முன் சட்டையில் பட்டது எது என்று கேட்பதுதான் சரியான ஒழுங்கு.

மிகப் பெரிய எதிரியில் இருந்து தொடங்குவோம். மண்ணைப் பரும்படியாக மணல், மண்டி, களி என்று மூன்றாகப் பிரிப்பார்கள். பிரிப்பது பருமனை வைத்து. களித்துணிக்கை ஒன்றின் குறுக்களவு ஒரு மில்லிமீற்றரின் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஜேர்சி நெய்யப்படும் பொலியெஸ்டர் இழை ஒன்றின் தடிப்பு இதைப்போலப் பல மடங்கு. ஓலைப்பெட்டிக்குள் மணலைப் போட்டுக் கவிழ்த்துத் தட்டினால் பெட்டி சுத்தமாகிவிடும்; அரிசிமாவைப் போட்டுத் தட்டினால் பின்னல் இடுக்கெல்லாம் மா நிற்கும்; அந்த மாவின் மேல் தண்ணீர் தெளித்துக் கையால் தேய்த்தால் பிறகு பெட்டியையே எறிய வேண்டியதுதான். செம்மண் பட்ட ஜேர்சியை வீட்டுக்கு வந்த கையோடு நனைத்துச் சவர்க்காரம் போட்டுக் கசக்குகிறபோது நாங்கள் செய்வது இந்த மூன்றாவது வேலையைத்தான்.

அதனால் செம்மண்ணுக்கு முதல் மருந்து பொறுமை. காயவிட வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு உதறி, பழைய பல்துலக்கி ஒன்றால் மெதுவாகத் தட்டி எடுக்க வேண்டும். அடுத்து உடுப்பை உட்புறம் வெளியாகத் திருப்பி, மண் பட்ட இடத்தின் பின்பக்கத்தில் குழாய்த் தண்ணீரையோ வாளித் தண்ணீரையோ ஓடவிட வேண்டும். மண் எந்த வழியால் வந்ததோ அந்த வழியாலேயே வெளியே போகட்டும். முன்பக்கம் ஊற்றினால் துணிக்கைகள் இன்னும் உள்ளே போகும். சலவைத் தூள் இதற்குப் பிறகுதான். கறையின் பெரும்பகுதியை எடுப்பது முதலில் உதறித் தட்டும் அந்த வறண்ட வேலைதான் என்பது என் எண்ணம். அதற்குக் காசும் செலவில்லை.

சிவப்பு நிறம் எங்கிருந்து வருகிறது? களித்துணிக்கைகளின் மேல் இரும்பு ஒட்சைட்டு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. அதில் ஏமற்றைற்று என்ற கனிமம் கூடினால் மண் சிவக்கும், கோதைற்று என்பது கூடினால் மஞ்சளாகும். இரண்டிலும் இரும்பு ஏற்கெனவே ஒட்சிசனோடு முழுதாகச் சேர்ந்து முடிந்த நிலையில் இருக்கிறது. வெளிற்றும் திரவம் வேலை செய்வது ஒட்சியேற்றத்தால். சாய மூலக்கூறுகளை ஒட்சியேற்றி உடைத்து நிறத்தைப் போக்குவது அதன் வழி. ஒட்சியேறி முடிந்த இரும்பிடம் அதற்கு வேலை இல்லை. செம்மண் கறைக்குக் குளோரின் ஊற்றினால் கறை அப்படியே இருக்கும், பக்கத்தில் இருக்கும் இல்லத்தின் நிறம்தான் போகும்.

மண்ணில் இருந்து இரும்பை அகற்றுவது எப்படி என்று மண்ணியலாளர்களுக்குத் தெரியும். களியை ஆராய வேண்டுமானால் அதன் மேலுள்ள இரும்புப் பூச்சை முதலில் கழுவ வேண்டும். 1960-இல் மேஹ்ரா, ஜக்சன் என்ற இருவர் வெளியிட்ட முறை இன்றைக்கும் ஆய்வுகூடங்களில் புழங்குகிறது. அதில் இரண்டு கைகள் வேலை செய்கின்றன. டைதயோனைற்று என்ற பொருள் இரும்புக்கு இலத்திரனைக் கொடுத்து, கரையக்கூடிய நிலைக்கு இறக்குகிறது. இதற்குத் தாழ்த்தல் என்று பெயர். இறங்கிய இரும்பு மறுபடி போய்ப் படியாமல் சித்திரேற்று அதைக் கவ்விப் பிடித்துக்கொள்கிறது. இதைக் கவ்விப்பிணைப்பு என்று சொல்லலாம். சித்திரேற்று வேறொன்றும் இல்லை, எங்கள் தேசிக்காயில் இருக்கும் சித்திரிக்கமிலத்தின் உப்புத்தான்.

ஆக, தேசிக்காய் போடச் சொன்ன அடுத்த வீட்டு அக்கா பாதி சரி. தேசிப்புளியிடம் கவ்வும் கை இருக்கிறது, தாழ்த்தும் கை போதாது. அதனால்தான் செம்மண்ணில் தேசிக்காய் தேய்த்துப் பார்த்தவர்கள் ஏமாந்துபோகிறார்கள். எஞ்சி நிற்கும் இலேசான சிவப்புக்கு மருந்துக்கடையில் விற்கும் வெள்ளை நிற விற்றமின் சி குளிசை ஒன்றிரண்டைப் பொடியாக்கித் தேசிப்புளியோடு குழைத்துப் பூசி, காயவிடாமல் சில மணி நேரம் வைத்துப் பார்க்கலாம். விற்றமின் சி தாழ்த்தும் தன்மை உள்ளது. வேலை மெதுவாகத்தான் நடக்கும், தடித்த கறையில் நடக்கவே நடக்காது. செம்மஞ்சள் சாயம் போட்ட குளிசை வேண்டாம், அது தன் பங்குக்கு ஒரு கறையை விட்டுப் போகும்.

தேசிக்காய் தனியாக வெல்லும் இடம் ஒன்று உண்டு. ஓட்டப் போட்டியில் இலக்கத்தை நெஞ்சில் குத்தும் சேப்டிப் பின் வேர்வையில் நனைந்து விட்டுப்போகும் துருப்புள்ளி அது. புதிதாகப் பட்ட துரு மண்ணின் ஏமற்றைற்றைப் போல இறுகிய பளிங்கு அல்ல, தளர்வானது. புளியும் உப்பும் சேர்த்துத் தேய்த்து ஈரமாகவே சில மணி நேரம் விட்டால் பெரும்பாலும் இளகும். பிலிம்பிக்காய் கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் உள்ள ஒட்சாலிக்கமிலம் இரும்பைக் கவ்வுவதில் தேசிப்புளியையும் மிஞ்சும். ஒரு எச்சரிக்கை: புளி பட்ட கையைக் கழுவாமல் வெயிலில் நிற்கக்கூடாது. தேசிக்காய்த் தோலில் உள்ள சில பொருட்கள் சூரிய ஒளியோடு சேர்ந்து தோலில் கொப்புளம் போடும்.

இனித் தண்ணீர். இதை நாங்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருக்கும் சுண்ணக்கல் பாறை பூநகரி, முழங்காவில் வழியாக மன்னார் வரை மேற்குக் கரையோரமாக நீண்டு கிடக்கிறது. சுண்ணக்கல்லுக்குள் ஊறி வரும் நீரில் கல்சியம் கரைந்திருக்கும். இதுதான் வன்னீர். சவர்க்காரத்தின் கொழுப்பமிலம் கல்சியத்தைக் கண்டதும் அதோடு சேர்ந்து கரையாத வெள்ளை ஆடையாகிவிடுகிறது. நுரை வராது, சவர்க்காரம் கரைந்துகொண்டே போகும், வாளியின் ஓரத்தில் ஒரு பிசுக்கு வளையம் நிற்கும். அந்தப் பிசுக்குத் துணியிலும் படியும். வெள்ளை உடுப்பு மாதக்கணக்கில் மங்கிச் சாம்பல் அடிப்பது பெரும்பாலும் இதனால்தான்.

உங்கள் கிணறு எப்படி என்று பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரே அளவான இரண்டு சோடாப் போத்தல்களை எடுங்கள். ஒன்றில் மழைத் தண்ணீர், மற்றதில் கிணற்றுத் தண்ணீர், பாதிப் பாதி. சன்லைட் கட்டியில் இருந்து கத்தியால் சுரண்டிய சவர்க்காரத்தை இரண்டிலும் ஒரே அளவு போட்டு, மூடி, ஒரே அளவு நேரம் குலுக்குங்கள். மழை நீரில் நுரை கழுத்துவரை ஏறி நிற்கும். வன்னீரில் மேலே ஒரு மெல்லிய தயிர்போன்ற படலம் மிதக்கும், நீர் கலங்கும். அதே பரிசோதனையைச் சலவைத் தூளோடு செய்தால் வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடும். தூளில் இருப்பது செயற்கைத் தூய்தாக்கி. அது கல்சியத்தோடு எளிதில் வீழ்படிவாவதில்லை, கூடவே கல்சியத்தை அடக்கி வைக்கும் பொருட்களும் அதில் கலக்கப்பட்டிருக்கும். பாடசாலை விஞ்ஞான மன்றங்கள் கிராமத்துக் கிணறுகளை எல்லாம் இப்படி ஒரு சனிக்கிழமை குலுக்கிப் பார்க்கலாமே.

கல்சியம் செய்யும் இரண்டாவது குழப்பம் செம்மண்ணோடு சம்பந்தப்பட்டது. களித்துணிக்கையின் மேற்பரப்பில் மறை ஏற்றம் இருக்கிறது. நனைந்த துணி இழையிலும் அப்படியே. ஒரே ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ள வேண்டும், அப்படியானால் களி தானாகவே விலகிப் போக வேண்டும் அல்லவா? இரண்டு நேர் ஏற்றம் கொண்ட கல்சியம் நடுவில் புகுந்து இரண்டையும் கட்டிப்போட்டுவிடுகிறது. உப்புக் கூடினாலும் இதே போலத்தான், தள்ளுவிசை தளர்ந்து களி திரளும். ஆற்று நீரில் மிதந்து வரும் களி கடலைச் சந்திக்கும் கழிமுகத்தில் திரண்டு படிவது இந்தக் காரணத்தால். ஆகவே சவர்த் தண்ணீரில் மண் கறையைத் தோய்ப்பதும், ‘கறை போகும்’ என்று ஒரு பிடி உப்பை வாளிக்குள் போடுவதும் எதிர்மாறான வேலை. பூநகரிப் பக்கத்தில் சவர்க் கிணற்றோடு மல்லுக்கட்டுகிறவர்கள் மண் கறை பட்ட உடுப்பை மட்டுமாவது மழைநீரிலோ நல்ல தண்ணீரிலோ ஊறவைப்பது பலன் தரும்.

சவர்க்காரம் எப்படி வேலை செய்கிறது என்ற அறிவின் ஒரு பகுதி ஒரு குசினியில் பிறந்தது என்பதை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. ஜேர்மனியின் பிறவுன்ஷ்வைக் நகரில் அக்னஸ் பொக்கெல்ஸ் என்ற பெண் நோயாளிப் பெற்றோரைப் பார்த்துக்கொண்டு வீட்டு வேலை செய்துவந்தார். பல்கலைக்கழகக் கதவு அந்தக் காலத்துப் பெண்களுக்குத் திறந்திருக்கவில்லை. பாத்திரம் கழுவும் நீரில் எண்ணெயும் சவர்க்காரமும் நடந்துகொள்வதைக் கவனித்தவர், நீர் நிரம்பிய தட்டம், அதன் குறுக்கே நகர்த்தும் தகரக் கீலம், ஒரு சிறு தராசு ஆகியவற்றைக் கொண்டு நீரின் மேற்பரப்பு எவ்வளவு விசையோடு இழுபட்டு நிற்கிறது, அழுக்குப் பட்டதும் அது எப்படித் தளர்கிறது என்று அளந்தார். இதுதான் பரப்பிழுவிசை. 1891-இல் அவர் எழுதிய கடிதத்தை இங்கிலாந்தின் ரேலி பிரபு ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பி வெளியிடச் செய்தார். பிற்காலத்தில் மேற்பரப்பு வேதியியலின் அடிப்படைக் கருவியாகிய தொட்டி அவருடைய தட்டத்தில் இருந்துதான் வளர்ந்தது.

சவர்க்கார மூலக்கூறு ஒன்றுக்கு நீரை விரும்பும் தலை ஒன்றும் எண்ணெயை விரும்பும் நீண்ட வால் ஒன்றும் உண்டு. வால்கள் எண்ணெய்த் துளிக்குள் குத்திக்கொள்ள, தலைகள் வெளியே நீரைப் பார்த்து நிற்க, எண்ணெய் சின்னத் துளிகளாக நீரில் மிதந்து போய்விடுகிறது. இப்படி இரண்டு முகம் கொண்ட மூலக்கூறுகளைத் தொழிற்சாலை மட்டும் செய்வதில்லை. எங்கள் பனையும் செய்கிறது.

1990-களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் சவர்க்காரம் தடைபட்ட பொருட்களில் ஒன்று. அப்போது பனம்பழத்தின் களியில் உடுப்புத் தோய்த்தவர்கள் இன்றைக்கும் நாற்பது, ஐம்பது வயதில் எங்கள் நடுவே இருக்கிறார்கள். பழத்தைத் தோல் உரித்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, வரும் நுரைக் களியில் துணியைக் கும்முவது. கொடியில் காய்ந்த உடுப்பை வாசத்துக்கு மாடு வந்து சப்பிய கதைகளை அவர்கள் சிரித்துக்கொண்டு சொல்லுவார்கள். இது வெறும் வறுமைத் தந்திரம் அல்ல என்பதற்கு ஆய்வு ஆதாரம் உண்டு. ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஈ.ஆர். ஜான்ஸும் அவரோடு பணியாற்றியவர்களும் பனங்களியைப் பகுத்து அதில் இருக்கும் ஸ்ரெரொயிட்டுச் சபொனின்களை விரிவாக ஆராய்ந்தார்கள். பனையின் தாவரவியற் பெயரான பொராசஸ் பிளாபெலிபர் என்பதில் இருந்து அவற்றுக்குப் பிளாபெலிபெரின் என்று பெயர். களியின் கசப்புக்கும் இந்தக் குடும்பம்தான் காரணம். சபொனினில் வெல்லப் பகுதி நீரைப் பிடிக்கும், ஸ்ரெரொயிட்டுப் பகுதி எண்ணெயைப் பிடிக்கும். ஏற்றம் இல்லாத மூலக்கூறு என்பதால் வன்னீரின் கல்சியம் அதை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. இன்றைக்கு ஜேர்சிக்குப் பனங்களி பூசச் சொல்லவில்லை. அதன் செம்மஞ்சள் நிறம் கரோட்டீன், அது வெயிலில் வெளிறினாலும் வெள்ளைத் துணியில் சில நாள் நிற்கும். சலவைத் தூள் கிடைக்கும் காலத்தில் அந்தப் பாடு தேவையில்லை.

இரத்தத்துக்கு வருவோம். விதி ஒன்றுதான்: பச்சைத் தண்ணீர், உடனே. சூடு பட்டால் புரத இழைகள் தம் மடிப்பை இழந்து ஒன்றோடொன்று பின்னித் துணிக்குள் இறுகிவிடும், பிறகு நீரில் கரையாது. வெயிலில் கிடந்து காய்ந்தாலும் கறை முற்றும். ஈமோகுளோபினில் உள்ள இரும்பு ஒட்சியேறிக் கபிலமாவதை ஒரு இரவுக்குள் காணலாம். பழைய இரத்தக் கறைக்கு மருந்துக்கடையின் 3 வீத ஐதரசன் பரஒட்சைட்டைச் சில துளி விட்டால் பொங்கி நுரைக்கும். அந்த நுரை ஒட்சிசன். இரத்தத்தில் இருக்கும் கற்றலேசு என்ற நொதியம் பரஒட்சைட்டைப் பிரித்து நீராகவும் ஒட்சிசனாகவும் ஆக்குகிறது. 1818-இல் பரஒட்சைட்டைக் கண்டுபிடித்த பிரெஞ்சுக்காரர் தெனார் இரத்தம் பட்டால் அது பொங்குவதை அப்போதே கவனித்திருந்தார். நிறத் துணியில் முதலில் உள் மடிப்பில் ஒரு துளி விட்டுப் பார்க்க வேண்டும்.

சலவைத் தூளில் ‘நொதியம்’ என்று எழுதியிருப்பதும் புரதக் கறைக்காகத்தான். ஓட்டோ ரோம் என்ற ஜேர்மன் வேதியியலாளர் 1913-இல் விலங்குக் கணையத்தின் நொதியங்களைத் துணி தோய்க்கப் பயன்படுத்த உரிமம் பெற்றார். உணவில் உள்ள இறைச்சியைக் குடலில் உடைக்கும் நொதியம் சட்டையில் உள்ள இரத்தத்தையும் உடைக்கும் என்ற எளிய எண்ணம். 1960-களில் பற்றீரியாவில் இருந்து எடுத்த, காரத்தைத் தாங்கும் நொதியங்கள் வந்த பிறகுதான் அது பரவலானது. நொதியத்துக்கு அவகாசம் வேண்டும். தூளைக் கரைத்து ஐந்து நிமிடத்தில் கசக்கிப் பிழிந்துவிட்டால் நொதியத்துக்குக் கொடுத்த காசு தண்ணீரோடு போய்விடும்.

இந்த அவகாசம் பற்றி ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1959-இல் ஹென்கல் நிறுவனத்தின் ஹேர்பேட் சின்னர் என்பவர் சலவையை நான்கு பங்குள்ள ஒரு வட்டமாக வரைந்தார்: இரசாயனம், இயக்கம், வெப்பம், நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றைக் கூட்டி வட்டத்தை நிரப்ப வேண்டும். எங்கள் வாளியில் வெந்நீர் இல்லை, சுழலும் இயந்திரமும் பெரும்பாலான வீடுகளில் இல்லை. இரசாயனத்தைக் கூட்டினால் காசு, கசக்கலைக் கூட்டினால் துணி பிய்ந்துவிடும். இலவசமாகக் கூட்டக்கூடியது நேரம் மட்டுமே. பின்னேரம் ஊறப்போட்டுக் காலையில் தோய்ப்பதை எங்கள் அம்மாமார் சோம்பலால் செய்யவில்லை.

புல் கறை விரைவாக முடிகிற விஷயம். சாதாரண தர விஞ்ஞானத்தில் மாப்பொருள் சோதனைக்கு இலையை மதுசாரத்தில் அவித்துப் பச்சையத்தை எடுத்ததை நினைத்துப் பாருங்கள். அதே வழிதான். சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து, ஓரத்தில் இருந்து நடுவுக்கு ஒற்றி எடுத்துவிட்டுத் தோய்த்தால் போதும். அடுப்புப் பக்கம் வைத்துச் செய்யாதீர்கள், தீப்பிடிக்கும். தசைப்பிடிப்புக்குப் பூசிய சித்தாலேப எண்ணெய்க் கறையும் கரைப்பானுக்கு அல்லது பாத்திரம் கழுவும் திரவத்துக்கு மசியும்.

வேர்வை மணம் நீண்ட கதை. புதிதாகச் சுரக்கும் வேர்வையில் நீரும் உப்பும் சிறிது யூரியாவும் இலற்றேற்றும்தான், மணம் அநேகமாக இல்லை. தோலில் வாழும் நுண்ணுயிர்கள் அக்குள் சுரப்பையும் தோலின் எண்ணெயையும் உடைக்கிறபோதுதான் நாற்றம் பிறக்கிறது. ஆனால் பாட்டனார் காலத்துப் பருத்திப் பெனியனைவிட இன்றைய ஜேர்சி ஏன் இவ்வளவு மோசமாக மணக்கிறது? 2014-இல் பெல்ஜியத்தின் கென்ற் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ் கலவார்ட்டும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இதை நேராகச் சோதித்தது. 26 பேரை ஒரு மணி நேரம் நிலைச் சைக்கிள் மிதிக்கவைத்து, அவர்கள் அணிந்த ரீசேட்டுகளைக் கட்டிவைத்துவிட்டு, பயிற்சி பெற்ற முகர்வோர் குழுவிடம் கொடுத்தார்கள். இப்படியும் ஒரு உத்தியோகம் இருக்கிறது. பொலியெஸ்டர் உடுப்புகளின் மணம் பருத்தியைவிட மோசம் என்று மதிப்பிடப்பட்டது. மைக்ரொகொக்கசு என்ற பற்றீரியா பொலியெஸ்டரில் செழித்து வளர்ந்திருந்ததும் தெரியவந்தது.

காரணம் இழையின் குணத்தில் இருக்கிறது. 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இருவர் உருவாக்கிய பொலியெஸ்டர் நீரை வெறுக்கும், எண்ணெயை விரும்பும். சாதாரண காற்றில் பருத்தி தன் நிறையில் ஏறக்குறைய 8 வீதம் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும், பொலியெஸ்டர் பிடிப்பது 0.4 வீதம். ஓடும்போது உடம்பில் ஒட்டாமல் சீக்கிரம் காய்வது இந்தக் குணத்தால்தான். அதே குணத்தால் தோலின் எண்ணெய் இழையோடு ஒட்டிக்கொள்கிறது, நீரில் கிடக்கும் சவர்க்காரம் அதனிடம் போய்ச் சேரப் பாடுபடுகிறது. எண்ணெய் நாளாக ஆக ஒட்சியேறி மஞ்சளாகவும் மாறும். அக்குள் மஞ்சளுக்கு வாசனைப் பூச்சில் உள்ள அலுமினிய உப்பும் காரணமாகலாம்.

இங்கேதான் பெரியம்மாவின் அப்பச்சோடா சரி. வேர்வை நாற்றத்தில் பெரிய பங்கு ஐசோவலரிக்கமிலம் போன்ற கொழுப்பமிலங்களுக்கு உண்டு. அமிலம் காரத்தோடு சேர்ந்தால் உப்பாகும். உப்பு ஆவியாகி மூக்குக்கு வராது, நீரில் கரைந்தும் போகும். ஒரு வாளி நீரில் இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்து, ஜேர்சியை உட்புறம் வெளியாகத் திருப்பி ஒரு மணி நேரம் ஊறவைத்துவிட்டுத் தூள் போட்டுத் தோயுங்கள். வினாகிரி செய்யும் வேலை வேறு: துணியில் படிந்த சவர்க்காரப் பிசுக்கையும், மைதானக் கோடு போட்ட சுண்ணாம்பையும் கரைக்கும். அதைக் கடைசி அலசலில் சிறிதளவு விடலாம். துணி மென்மையாக்கும் திரவத்தை ஜேர்சிக்குத் தொடவே வேண்டாம், அது இழையின் மேல் இன்னொரு கொழுப்புப் படலத்தைப் பூசிவிடும்.

அப்பச்சோடாவையும் வினாகிரியையும் ஒன்றாகக் கலக்கச் சொல்லும் யோசனை கண்ணுக்கு விருந்து, துணிக்கு ஒன்றுமில்லை. பொங்குவது காபனீரொட்சைட்டு. பொங்கி அடங்கிய பிறகு வாளியில் மிஞ்சுவது சோடியம் அசற்றேற்று கரைந்த தண்ணீர். அமிலமும் போயிற்று, காரமும் போயிற்று. தேசிக்காயும் சோடாவும் அப்படித்தான்.

இது வீண் செலவு மட்டும். உயிருக்கே உலை வைக்கும் கலவை வேறொன்று, அது குளோரின் சம்பந்தப்பட்டது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையை வன்னியில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1950-களில் தொடங்கப்பட்டு, ஆனையிறவு உப்பின் கரைசலுக்குள் மின்சாரம் பாய்ச்சி எரிசோடாவையும் குளோரினையும் பிரித்தெடுத்து வந்தது. 1980-களின் போர்ச் சூழலில் நின்றுபோனது. சவர்க்காரம் செய்ய வேண்டிய காரமும் வெளிற்றும் தூளுக்கு வேண்டிய குளோரினும் ஒரே உப்பின் இரண்டு பிள்ளைகள். வெளிற்றும் திரவத்திலும் கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளிலும் அந்தக் குளோரின் கட்டுண்டு கிடக்கிறது. வினாகிரி, தேசிப்புளி, மலசலகூடம் கழுவும் அமிலம், இவற்றில் எது பட்டாலும் கட்டு அவிழ்ந்து குளோரின் வாயு வெளியேறும். 1915-இல் ஈப்பர் போர்முனையில் ஆயுதமாகப் பாவித்ததும் இதே வாயுதான். அமோனியா கலந்த துப்புரவுத் திரவத்தோடு சேர்ந்தாலும் வேறொரு நச்சு வாயு வரும். பூட்டிய குளியலறையில் பிள்ளைகள் தாங்களாக இதைச் ‘செய்து பார்க்க’ விடாதீர்கள். ஜேர்சிக்கு எப்படியும் குளோரின் ஆகாது. இழுபட்டுச் சுருங்கும் எலாஸ்ரேன் இழையை அது அரித்துத் தளர்த்திவிடும்.

தோய்த்த உடுப்பை ஈரத்தோடு குவித்து வைக்கவும் வேண்டாம். மாரி காலத்தில் காயாத உடுப்பில் வரும் அந்த முடை நாற்றத்தை 2012-இல் ஜப்பானின் காவோ நிறுவன ஆய்வாளர்கள் தேடிப்போய், மொறக்செல்லா ஒஸ்லோஎன்சிஸ் என்ற பற்றீரியாவின் வேலை என்று கண்டார்கள். சோளகக் காற்று வீசும் மாதங்களில் இந்தக் கவலை இல்லை. காற்றோட்டமான நிழலில் தொங்கவிட்டாலே பொலியெஸ்டர் காய்ந்துவிடும்.

கடைசியாக ஒன்று. பிழிந்த பிறகு கறை இருந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நிழல்போல ஏதாவது தெரிந்தால் கொடிக்குக் கொண்டுபோகாமல் மறுபடி வாளிக்குள் ஒரு இரவு போடுங்கள். முற்றாகப் போகும்வரை வெயிலில் காயவிடவோ மினுக்கவோ வேண்டாம்; சூடு பட்டு இறுகிய கறையை எடுப்பது மிகக் கடினம்.